பழைய லேத்தில் தொலைநோக்கி உறுப்புகள்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

வீட்டில் தொலைநோக்கி செய்யும் பழக்கம் ஆடி தேய்ப்பவர்களிடமிருந்து மட்டும் வளர்ந்ததல்ல. லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டியவர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் ரஸ்ஸல் போர்ட்டர் 1920-ல் ஒரு குழுவுக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஜோன்ஸ் அண்ட் லாம்சன் என்ற இயந்திரத் தொழிற்சாலையின் ஊழியர்கள். ஆடியின் பரப்பை ஒளியின் அலைநீளத்தில் அளந்து பார்ப்பவர், அதைத் தாங்கும் உலோகத்தையும் அதற்குரிய கவனத்துடன் கடைய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த வழிமுறை சவுத் பெண்ட் 9 அங்குல லேத், மைஃபோர்டு எம்.எல்.7 போன்ற பழைய சிறு இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டிலும் ஸ்பிண்டில், அதாவது வேலைப்பொருளைச் சுழற்றும் முதன்மைத் தண்டு, சாதாரண உராய்வு பேரிங்குகளில் சுழல்கிறது. வேலைப்பொருளைப் பிடிக்கும் சக், ஸ்பிண்டிலில் மரையால் முடுக்கப்படுகிறது. மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை கொண்டது. இந்த மூன்று செய்திகளும் கீழே பல இடங்களில் காரணமாகவோ தீர்வாகவோ திரும்ப வரும்.

தேய்ந்த லேத்திலும் ஒரே பிடியில், அதாவது வேலைப்பொருளைச் சக்கிலிருந்து கழற்றாமல் கடைந்த பரப்புகள் அனைத்தும் ஒரே அச்சில் அமையும். தொலைநோக்கிக்கு மிகவும் தேவையான பொதுமையமும் செங்குத்தும் அங்கே கூடுதல் முயற்சியின்றிக் கிடைக்கின்றன. ஆகவே எந்தக் குறை தென்பட்டாலும், "இந்த இரண்டு பரப்புகளும் ஒரே பிடியில் கடையப்பட்டவையா?" என்பதை முதலில் கேட்க வேண்டும். இல்லை என்பது விடையானால், பேரிங்கையும் பெட்டையும் (லேத்தின் அடித்தளம்) சந்தேகிப்பதற்கு முன் வேலை வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடைந்தபோது சரியாக இருந்த துளையில் மறுநாள் ஐபீஸ் இறுக்கமாக நுழைகிறது

பொதுவாகப் புழங்கும் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் தொகுதி) குழாய் விட்டம் 1.25 அங்குலம், அதாவது 31.75 மி.மீ.; பெரிய வகையில் 2 அங்குலம், 50.8 மி.மீ. துளையை 31.80 மி.மீ. அளவில் முடித்தால் வழுவழுப்பாக நுழையும், ஆட்டமும் இராது. இந்த 0.05 மி.மீ. இடைவெளியின் பெரும்பகுதியை வெப்பமே தின்றுவிடக்கூடும். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியசுக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரிவதால், அறை வெப்பத்தைவிட 30 டிகிரி சூடான வளையத்தில் 31.80 என்று அளந்த துளை, ஆறிய பின் 0.02 மி.மீ. சுருங்கி 31.78 ஆகிவிடும், 2 அங்குலத் துளையில் இந்தச் சுருக்கம் 0.035 மி.மீ. வரை போகும். கையில் பிடிக்க முடிகிற சூடுதானே என்று நினைக்கும் நிலையிலேயே இது நடக்கிறது.

தீர்வு எளிது. கடைசி 0.1 மி.மீ. எஞ்சியிருக்கும்போது லேத்தை நிறுத்தி, வேலைப்பொருளைச் சக்கிலேயே ஆறவிட்டு, அளந்து, பிறகு மெல்லிய வெட்டுகளால் முடிக்க வேண்டும். இரவுக் குளிரே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு, அது பொருந்தாது. பித்தளைக் குழாயும் அலுமினியத் துளையும் 20 டிகிரி குளிர்ந்தாலும் அவற்றின் சுருக்கங்களுக்கு இடையேயான வேறுபாடு 0.003 மி.மீ.க்குள்தான் இருக்கும்.

ஐபீஸ் வாய்ப்பகுதியில் எளிதாக நுழைந்து உள்ளே போகப் போக இறுகினால், காரணம் வெப்பமல்ல. போரிங் பார் (துளையின் உட்பக்கத்தைக் கடையும் டூல் தண்டு) வளைந்து, துளை மணியின் வாய்போல விரிந்திருக்கிறது. ஆழ அளவை மாற்றாமல் அதே இடத்திலேயே பாரை இரண்டு மூன்று முறை மீண்டும் ஓட்டினால் எஞ்சிய உலோகம் மெல்லிய தூளாக உதிரும். தூள் வருவது நிற்கும் வரை துளையை அளப்பதில் பயனில்லை.

வெர்னியர் எல்லாத் திசையிலும் ஒரே அளவைக் காட்டுகிறது, ஆனாலும் ஐபீஸ் நுழையவில்லை

மெல்லிய வளையங்களில் மிக அதிகமாக நேர்வதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் குறைதான். மூன்று தாடைச் சக்கில் 3 மி.மீ. தடிமனுள்ள வளையத்தை இறுக்கும்போது, தாடைகள் தொடும் மூன்று இடங்களில் அது உள்ளே அமுங்கி, இடைப்பட்ட மூன்று இடங்களில் வெளியே பிதுங்குகிறது. அந்த நிலையில் நாம் துளையைச் சரியான வட்டமாகவே கடைகிறோம். சக்கைத் தளர்த்தியவுடன் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப, துளை மூன்று மடல் கொண்டதாக மாறிவிடுகிறது.

வெர்னியர் இதைக் காட்டாமல் போவதற்கு வடிவியல் காரணம் உண்டு. மடல்களின் எண்ணிக்கை மூன்று என்பதால், ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் அமைகிறது. எதிரெதிர் இரு புள்ளிகளைத் தொட்டு அளக்கும் எந்தக் கருவியும் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே அளப்பதால், சுற்றிலும் ஒரே எண்ணைத்தான் தரும். மூன்று புள்ளிகளில் தொட்டுத் துளையை அளக்கும் போர் கேஜ் இருந்தால் குறை உடனே தெரியும். அது இல்லாதவர்கள், 31.75 மி.மீ.க்குக் கடைந்த ஒரு எஃகுச் செருகியில் மார்க்கர் மையைச் சீராகப் பூசி, துளைக்குள் மெல்லத் திருகி வெளியே எடுத்துப் பார்க்கலாம். மை சுற்றிலும் ஒரே அளவில் அழிந்திருந்தால் துளை வட்டமானது. சம இடைவெளியில் மூன்று பட்டைகள் மட்டும் உலோகம் தெரியத் தேய்ந்து, அவற்றுக்கு இடையே மை அப்படியே இருந்தால் மடல் விழுந்திருக்கிறது. தாடைத் தழும்புகளோடு ஒப்பிட்டால், தேய்ந்த பட்டைகள் இரு தழும்புகளுக்கு நடுவே வருவதைக் காணலாம்.

இதைத் தடுக்க வேலை வரிசையை மாற்றுவதே சிறந்த வழி. தடித்த கட்டையாக இருக்கும்போதே துளையைக் கடைந்து முடித்து, வெளிப்புறத்தை மெலிதாக்கும் வேலையைக் கடைசிக்கு விட வேண்டும். அப்போது வளையத்தை ஒரு மாண்ட்ரலில் (துளைக்குள் பொருந்தும் தண்டு) செருகி, முனையில் வாஷரும் நட்டும் வைத்து அச்சின் திசையில் இறுக்கினால் ஆரத் திசையில் எந்த அழுத்தமும் விழாது. வெளிப்புறத்தைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், வளையத்தின் வெளிவிட்டத்துக்குச் சரியாகக் கடைந்து ஒரு பக்கம் அறுத்த பிளவு வளையத்தை இடையில் வைத்துத் தாடைகளை இறுக்க வேண்டும். அழுத்தம் மூன்று புள்ளிகளில் குவியாமல் சுற்றிலும் பரவும். மிக மெல்லிய வளையத்தை, புதிதாக முகம் கடைந்த அலுமினியத் தட்டில் சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி மெல்லிய வெட்டுகளால் கடையலாம். வேலை முடிந்ததும் சூடாக்கினால் பசை விட்டுவிடும். அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால், திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டத்திலோ மட்டுமே சூடாக்க வேண்டும்.

நீண்ட உருளையின் இரு முனைகளும் ஒரே விட்டத்தில் இல்லை

ஃபோகசரின் (ஐபீஸை முன்பின் நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்யும் உறுப்பு) நகரும் குழாயைக் கடையும்போது இது வெளிப்படும். வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பயன்படுத்தியிருந்தால் முதலில் அதன் பக்கவாட்டு விலகலைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். டெயில்ஸ்டாக் இல்லாமலும் சரிவு, அதாவது இந்த விட்ட வேறுபாடு, தொடர்ந்தால் பெட் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய லேத்துகள் வீடு மாறி, மரமேசையில் ஏற்றப்பட்டு, நான்கு போல்ட்டுகளையும் கண்மூடித்தனமாக இறுக்கிய நிலையில் கிடைப்பதால், பெட் முறுக்கு மிகவும் சாதாரணமானது.

35 மி.மீ. அளவுள்ள ஒரு தண்டைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, இரு முனைகளிலும் ஒரு சிறு பட்டையை மட்டும் விட்டு இடைப்பகுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கூர்மையான டூலால், கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) தொடாமல், இரு பட்டைகளிலும் ஒரே மெல்லிய வெட்டை எடுத்து மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெளிமுனைப் பட்டை பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கம் போகப் போக டூல் அச்சிலிருந்து நம்மை நோக்கி விலகுகிறது என்று பொருள். டெயில்ஸ்டாக் பக்கத்தின் முன்காலுக்கு அடியில், அதாவது லேத் ஓட்டுபவர் நிற்கும் பக்கத்தில், மெல்லிய ஷிம் (இடைத்தகடு) வைத்தால் டூல் பின்னோக்கிச் சாய்ந்து அச்சை நெருங்கும். வெளிமுனை சிறிதாக இருந்தால் பின்காலை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மீண்டும் ஒரு வெட்டு எடுத்து அளக்க வேண்டும். ஒரு தாள் தடிமன்கூட கணிசமான மாற்றத்தைத் தரும்.

ஷிம் எவ்வளவு வைத்தும் நடுப்பகுதி மட்டும் பொருந்தவில்லையென்றால் அது முறுக்கல்ல, தேய்மானம். சக்குக்கு அருகிலுள்ள பெட் பகுதியே பல பத்தாண்டுகள் உழைத்திருக்கும். நம் சிறு உறுப்புகளும் அங்கேதான் கடையப்படுகின்றன. கேரேஜின் (டூலைத் தாங்கிப் பெட்டின் மீது நகரும் பகுதி) கிப்பை, அதாவது ஆட்டத்தைக் குறைக்கும் இறுக்கத் தகட்டை, இறுக்கி இதைத் தீர்க்க முயல்பவர்கள், தேயாத பகுதியில் கேரேஜ் சிக்கிக்கொள்வதையே காண்பார்கள். குழாயை 0.03 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, பிளவுபட்ட வார்ப்பிரும்பு வளையத்தில் தேய்ப்புப் பசை பூசி, கையால் லேப் செய்து சமப்படுத்துவதுதான் இதற்கு நம்பகமான வழி. மெதுவான வேலைதான், ஆனால் ஆடி தேய்த்தவருக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

பரப்பில் அலை அலையாகக் கோடுகள் விழுகின்றன, லேத் கீச்சிடுகிறது

பலர் உடனே ஸ்பிண்டில் பேரிங்கைப் பிரிக்க முற்படுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எஃகு போரிங் பார் தன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் அதிரத் தொடங்கும், 10 மி.மீ. பாரால் 60 மி.மீ. ஆழத் துளையைக் கடைய முயன்றால் அதிர்வு எதிர்பார்க்க வேண்டியதே. அடுத்து டூலின் முனை வளைவைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, ஊட்டத்தை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) சற்றுக் கூட்ட வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அதிர்வைக் கண்டதும் ஊட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது டூல் வெட்டாமல் உரசுவதால் அதிர்வு இன்னும் கூடுகிறது. பிறகு கிராஸ் ஸ்லைடின் மேல் அமர்ந்து டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடின் கிப்பையும் கிராஸ் ஸ்லைடின் கிப்பையும், கையால் நகர்த்தும்போது சீரான எதிர்ப்பு உணரும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

இவை எதுவும் பயன் தராதபோது மட்டும் பேரிங்கைச் சோதியுங்கள். சக்கில் 300 மி.மீ. நீளத் தண்டைப் பிடித்து, டயல் கேஜின் முனையைச் சக்குக்குப் பின்னால் ஸ்பிண்டிலின் மேல் வைத்து, தண்டைக் கையால் மேலே தூக்க வேண்டும். முள் 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் எண்ணெய்ப் படலத்துக்குத் தேவையான இடம் அது; தொடாதீர்கள். 0.05 மி.மீ.க்கு மேல் போனால் பேரிங் மூடியின் ஷிம் தகட்டில் ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெயை ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரிங் மூடி கைக்கு இதமான சூட்டில் இருந்தால் சரி. கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் இறுக்கம் அதிகம்; உடனே நிறுத்த வேண்டும். சவுத் பெண்டில் ஸ்பிண்டில் வார்ப்பிரும்பிலேயே நேரடியாகச் சுழல்வதால், எண்ணெய் வற்றிய நிலையில் ஓட்டி ஏற்படும் சிராய்ப்பை எளிதில் சீராக்க முடியாது.

அதிர்வு இல்லாமலேயே அலுமினியப் பரப்பு கிழிந்தாற்போல் இருந்தால், டூல் முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்சரிவு அதிகமாகத் தீட்டிய ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலும், தூரிகையால் தொட்டுத் தடவும் சிறிது மண்ணெண்ணெயும் போதும். 50 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு 600 சுற்று நல்ல வேகம். பித்தளைக்கு இதே டூலைப் பயன்படுத்தக் கூடாது. சரிவு உள்ள டூல் பித்தளைக்குள் தானாகவே பாய்ந்துவிடும். அதற்கு மேற்புறம் தட்டையான டூலே வேண்டும்.

வெட்டிப் பிரிக்கும்போது டூல் சிக்கி உடைகிறது

டூல் அச்சின் உயரத்தில் இருக்கிறதா, கேரேஜ் பூட்டப்பட்டிருக்கிறதா, வெட்டும் இடம் சக்குக்கு மிக அருகில் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மைஃபோர்டு வைத்திருப்பவர்கள் பலர் பின்புற டூல் போஸ்டில் டூலைத் தலைகீழாகப் பொருத்தி வெட்டுகிறார்கள். சிறிய லேத்துக்கு அது உண்மையிலேயே பெரிய நிம்மதி தரும்.

கேமரா அடாப்டரின் மரை இரண்டு சுற்று ஏறி இறுகிவிடுகிறது

கேமராவை இணைக்கும் டி-மரையின் அளவு எம்42, இடைவெளி 0.75 மி.மீ. இதே 42 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. இடைவெளியுள்ள மரை பழைய பென்டாக்ஸ் வகைக் கேமரா லென்சுகளுக்கு உரியது. ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. வேறுபடுவதால், ஒன்றில் மற்றொன்று ஒன்றிரண்டு சுற்று ஏறியதும் சிக்கிக்கொள்ளும். ஆகவே எதைத் திருத்துவதற்கும் முன் இரண்டு பாகங்களையும் பிட்ச் கேஜால் (மரையின் இடைவெளியை ஒப்பிடும் தகடு) அளந்துவிட வேண்டும்.

இடைவெளி சரியென்றால், எங்கே இறுகுகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். ஒரு சுற்றுகூட ஏறவில்லையென்றால் மரையின் ஆழம் போதவில்லை, அல்லது உள்மரைக்கான துளை சிறியது. எம்42×0.75 உள்மரைக்குத் துளை 41.2 மி.மீ. இருக்க வேண்டும், வெளிமரையின் ஆழம் 0.46 மி.மீ. தொடக்கத்தில் தளர்வாக ஏறி முடிவில் இறுகினால் மரையின் கடைசியில் டூல் வெளிவர இடம் இல்லாமல் போயிருக்கிறது. டூலின் அகலத்துக்கு ஒரு பள்ளத்தை முன்கூட்டியே வெட்டியிருக்க வேண்டும். ஏறும் வழியெங்கும் கரகரப்பாக இருந்தால், டூலைச் சென்டர் கேஜில் வைத்துச் செங்குத்தாக்காமல் மரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது உச்சியில் பிசிர் இருக்கலாம்.

அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது 127 பல் கொண்ட சக்கரம் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. லீட் ஸ்க்ரூவின் ஒரு சுற்று 3.175 மி.மீ. என்பதால், 30-க்கு 127 என்ற விகிதம் சரியாக 0.75 மி.மீ. தரும். ஐபீஸ் வடிகட்டியின் எம்28.5×0.6 மரைக்கு இது 24-க்கு 127. இந்தச் சக்கரம் இல்லாமல் 63 பல் சக்கரத்தால் நெருக்கமான விகிதம் அமைத்தவர்கள் அந்தத் தோராயத்தைக் குறை சொல்வார்கள். அதன் பிழை 8,000-ல் ஒரு பங்குதான், 5 மி.மீ. நீள மரையில் அது 0.001 மி.மீ.கூட இல்லை. மரை இறுகுவதற்கு அது காரணமாக இருக்கவே முடியாது.

உண்மையான காரணம் பெரும்பாலும் ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவுடன் இணைக்கும் பிளவு நட்டு) திறந்ததுதான். அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை ஹாஃப் நட் மூடியே இருக்க வேண்டும். திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் இறங்காமல் சற்றுத் தள்ளி இறங்கி, மரையின் முகட்டைத் தின்றுவிடும். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் டூலை முழுவதுமாக வெளியே இழுத்து, ஸ்பிண்டிலைப் பின்னோக்கிச் சுற்றித் தொடக்கத்துக்கு வர வேண்டும். மோட்டாரைத் திருப்பி ஓட்டினால் மரையால் முடுக்கிய சக் கழன்று பெட்டின் மீதோ கையின் மீதோ விழக்கூடும். ஆகையால் ஸ்பிண்டிலின் இடது முனையில் ஒரு கைப்பிடியைப் பொருத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கையாலேயே முன்னும் பின்னும் சுற்றுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தொலைநோக்கி அடாப்டரின் மரை ஆறேழு சுற்றுக்குமேல் போவதில்லை. கையால் சுற்றும்போது வெட்டின் அழுத்தமும் விரலுக்குத் தெரியும்.

ஷ்மிட்-கேஸ்கிரேன் தொலைநோக்கிகளின் பின்புறமுள்ள 2 அங்குல, அங்குலத்துக்கு 24 மரையில் இந்தத் தொல்லையே இல்லை. 24 என்பது 8-ன் மடங்கு என்பதால், லீட் ஸ்க்ரூவின் எந்த இடத்தில் ஹாஃப் நட்டை மூடினாலும் டூல் பழைய தடத்திலேயே இறங்கும்.

ஃபிளான்ஜ் சமதளத்தில் வைத்தால் ஆடுகிறது

கிராஸ் ஸ்லைடு அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் ஃபிளான்ஜின் (இணைப்புத் தட்டு) முகம் நடுவில் புடைத்திருக்கிறது. அல்லது கேரேஜைப் பூட்டாமல் முகம் கடைந்ததால் டூல் பின்வாங்கியிருக்கிறது. பூட்டிவிட்டு மீண்டும் ஒரு வெட்டு எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் குறை இருந்தால், டயல் கேஜை கிராஸ் ஸ்லைடில் பொருத்தி முகத்தின் குறுக்கே ஓட்டுங்கள். டூல் வெட்டிய முன்பாதியில் முள் அசையாது, ஏனெனில் கேஜும் அதே தவறான பாதையில்தான் நகர்கிறது. மையத்தைத் தாண்டி மறுபாதிக்குப் போகும்போதுதான் பிழை இரட்டிப்பாகத் தெரியும். மறுபாதியின் விளிம்பில் முள் காட்டும் அளவில் பாதியே உண்மையான புடைப்பு. நடுவில் சிறிது குழிவாக இருந்தால் தவறில்லை, ஃபிளான்ஜ் விளிம்பில் உட்காரும். புடைப்பு மட்டும் கூடாது. கிராஸ் ஸ்லைடைத் திருத்த முடியாத லேத்தில், முகத்தின் நடுப்பகுதியை அரை மி.மீ. ஆழம் தாழ்த்தி, விளிம்பில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

குவியத்தை மாற்றும்போது படம் பக்கவாட்டில் நகர்கிறது, அல்லது ஃபோகசர் வழுக்குகிறது

வீட்டுத் தயாரிப்புக்கு மிகவும் ஏற்றது கிரேஃபோர்டு வகை ஃபோகசர். இங்கிலாந்தின் கிரேஃபோர்டு மேனர் ஹவுஸ் வானியல் கழகத்தைச் சேர்ந்த ஜான் வால் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. பற்களே கிடையாது, நான்கு பேரிங்குகள் குழாயை ஒரு பக்கம் தாங்க, எதிர்ப்பக்கம் ஒரு தண்டு அதன் மீது அழுத்தி உராய்வாலேயே நகர்த்துகிறது. இதில் துல்லியம் முழுவதும் குழாயின் பரப்பிலும் தண்டிலுமே இருக்கிறது.

படம் நகர்ந்தால் குழாயின் சரிவைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். சீரான சரிவு குழாயை ஒரே கோணத்தில் சாய்த்து வைக்கும்; ஒளியச்சைச் சீரமைக்கும்போது அது ஈடாகிவிடும். படத்தை நகர்த்துவது பேரிங்குக்கு அடியில் வந்து போகும் மேடுபள்ளமே. பேரிங் இணைகள் 40 மி.மீ. இடைவெளியில் இருக்க, 0.02 மி.மீ. புடைப்பு ஓர் இணையைக் கடந்தால், மற்ற இணையிலிருந்து 80 மி.மீ. தள்ளியிருக்கும் ஐபீஸ் 0.04 மி.மீ. நகரும். 1,200 மி.மீ. குவியத்தூரத் தொலைநோக்கியில் இது ஏறத்தாழ 7 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியின் 3,600-ல் ஒரு பங்கே ஓர் ஆர்க்செகண்டு), வியாழனின் தோற்ற விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே குழாயை வி-பிளாக்கில் கிடத்தி, டயல் கேஜை மேலே வைத்து நீளவாக்கில் ஓட்டி, முள் துள்ளும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த இடத்தை மட்டும் லேப் செய்ய வேண்டும்.

வழுக்குதலுக்கு அழுத்தத்தைக் கூட்டுவது தற்காலிகத் தீர்வுதான், தண்டு வளைந்துவிடும். தண்டு தொடும் இடத்தில் குழாயின் மேல் அரத்தால் ராவிய தட்டைப் பட்டை சமமாக இருக்கிறதா, அதில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கைக்குட்டையில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தாலே பாதிக் குறைகள் போய்விடும். தண்டு நேராக இருக்க வேண்டியதன் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. எஃப்/5 ஆடியில் (குவியத்தூரம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு) கூர்மையான படம் கிடைக்கும் குவிய ஆழம் மொத்தமே ஏறத்தாழ 0.055 மி.மீ. 6 மி.மீ. தண்டு ஒரு டிகிரி திரும்பினாலே குழாய் அதே அளவு நகர்ந்துவிடும்.

நட்சத்திரம் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைகிறது

வானத்தைப் பின்தொடரும் தாங்கியின் வார்ம் சக்கரத்தை (வார்ம் எனும் திருகுத் தண்டால் சுழலும் பற்சக்கரம்) லேத்தில் செய்தவர்கள் சந்திக்கும் குறை இது. அசைவின் கால அளவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். பூமி நட்சத்திரங்களைச் சார்ந்து ஒருமுறை சுழல 86,164 விநாடி ஆகிறது. 180 பல் சக்கரமென்றால் வார்ம் ஒரு சுற்றுக்கு 479 விநாடி எடுக்கும். அசைவு அந்தக் கால அளவில் வந்தால் பிழை வார்மில்தான் இருக்கிறது. அதன் பாதிக் காலத்தில் வந்தால், வார்மை மோட்டாருடன் இணைக்கும் மூட்டைப் பாருங்கள். அசைவாக இல்லாமல், ஒரே திசையில் மெல்ல விலகிக்கொண்டே போனால் சக்கரத் துளையின் மையம் விலகியிருக்கலாம்: 43 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 0.05 மி.மீ. விலகல், மோசமான நேரத்தில் மணிக்கு ஒரு ஆர்க்நிமிட அளவுக்கு நட்சத்திரத்தைத் தள்ளிவிடும்.

வார்மின் பிழைக்கு மரை அச்சின் திசையில் தள்ளாடுவதும், மரையின் மையம் தண்டின் மையத்தோடு பொருந்தாததும் என இரண்டு காரணங்கள் உண்டு. அதே சக்கரத்தில் 0.01 மி.மீ. அச்சுத் தள்ளாட்டம் 48 ஆர்க்செகண்டு பிழை தரும். 0.01 மி.மீ. மைய விலகல், 60 டிகிரி மரையின் சாய்வு வழியாக, 28 ஆர்க்செகண்டு தரும். மூன்று தாடைச் சக்கில் ஒரு முறை கழற்றி மாட்டினாலே இதைவிடப் பல மடங்கு விலகல் வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், வார்மை ஏன் இரு சென்டர்களுக்கிடையே (கூர்முனைத் தாங்கிகள்) கடைய வேண்டும் என்பது விளங்கும். மரையையும், பேரிங் உட்காரும் இரு கழுத்துகளையும், பேரிங் முட்டும் தோள்களையும் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். தோளின் முகம் கோணினாலும் வார்ம் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் தள்ளப்படும். லேத்தின் லீட் ஸ்க்ரூ தாங்கும் காலரின் முகம் தேய்ந்திருந்தால் அதன் தள்ளாட்டமும் மரையில் பதியும். டயல் கேஜை லீட் ஸ்க்ரூவின் முனையில் வைத்து, அதைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரத்தில் பல் எண்ணிக்கையே தவறிவிட்டால் அது வேறு கதை. 1.5 மி.மீ. இடைவெளியுள்ள டேப்பை (மரை வெட்டும் கருவி) சுழலவிட்டு, சக்கரத் தட்டை அதன் மீது தானாகவே உருளவிட்டு 180 பல் வெட்டுபவர்கள், பல்லின் நடுவிட்டம் 85.94 மி.மீ. என்று சரியாகவே கணக்கிடுவார்கள். ஆனால் டேப் முதலில் தொடுவது வெளிவிட்டத்தை. அது 86.9 மி.மீ. என்றால், அந்தச் சுற்றளவுக்கு 182 பற்கள் பொருந்தும். டேப் அந்த எண்ணிக்கையில் தொடங்கி, ஆழம் கூடக் கூடத் தடுமாறி, இரட்டைப் பற்களைக் கிழித்துவிடும். தட்டின் விளிம்பில் முதலில் 180 சாய்ந்த கீறல்களைச் சரியான கோணப் பகுப்பில் வெட்டிவைத்தால், டேப் அவற்றைப் பின்பற்றிச் செல்லும். பகுப்புக்கருவி இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

எல்லாம் சரியாகப் பொருந்தியும் நிலவைச் சுற்றிச் சாம்பல் நிற மங்கல் தெரிகிறது

ஆடியைக் குறை சொல்லுமுன், ஐபீஸைக் கழற்றிவிட்டுப் பகலில் தொலைநோக்கியை வெளிர்வானத்தை நோக்கித் திருப்பி (சூரியன் இருக்கும் திசையில் அல்ல), ஃபோகசர் குழாய் வழியாகப் பாருங்கள். குழாயின் உட்சுவரில் ஒளிரும் வளையம் தெரிந்தால், வழவழப்பாகக் கடைந்த அலுமினியமே காரணம். கறுப்பு அனோடைஸ் செய்திருந்தாலும், தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளியை அது நன்றாகவே பிரதிபலிக்கும். கேமரா பயன்படுத்துபவர்களுக்கு, அகச்சிவப்புக்கு அருகில் அந்தக் கறுப்பு கறுப்பாகவே இராது. உட்சுவரில் 1 மி.மீ. இடைவெளியில் கூர்மையான மரையை வெட்டி, மங்கலான கறுப்பு வண்ணத்தை மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். இங்கே மட்டும் முகட்டை மழுங்கடிக்கவே கூடாது. தட்டையான முகடு ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி அனுப்பும். பூச்சு கெட்டியானால் பள்ளங்கள் நிரம்பி மரை வெட்டியதே வீணாகும். ஐபீஸ் உட்காரும் பகுதியை மறைப்பு நாடாவால் மூடிவிட்டு வண்ணம் அடித்து, அது காய்ந்ததும் மீண்டும் அதே வெளிர்வானத்தை நோக்கிப் பார்த்து, இன்னும் ஒளிரும் வளையம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த இடம் வரை மரையை நீட்டிக் கொடுக்க வேண்டும்.